இரண்டு உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர்

பனிச்சங்கேணியில் நிலம் ஒடுங்கிவிடுகிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே உப்பாறு என்றும் பனிச்சங்கேணிக் களப்பு என்றும் சொல்லப்படும் உவர்நீர்ப் பரப்பு. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி களப்பின் வாயைப் பாலத்தில் கடந்து வாகரைப் பக்கம் போகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சில நிமிடக் காட்சி. இறங்கி நடப்பவர்களுக்குத்தான் ஒரு கேள்வி எழும். இரு பக்கமும் உப்பு, நடுவில் கிடப்பது வெறும் மணல். அந்த மணலில் கிணறு வெட்டினால் குடிக்கிற தண்ணீர் எப்படி ஊறுகிறது?

கடற்கரையில் தொடங்கி, மணல்மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கிக் கண்டல் காடு வரை நடந்தால் பதில் வழியிலேயே கிடைக்கும். தூரம் பெரிதில்லை. ஆனால் நின்று நின்று பார்க்க வேண்டிய வழி. அதனால் விடிந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். உச்சி வெயிலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். செருப்போடு போனாலும் விரல் இடுக்கில் சுடும்.

முதலில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளுங்கள். அலை வந்து திரும்பும் கோட்டுக்குச் சற்று மேலே, வெள்ளை மணலுக்கு நடுவில் கரிய கோடுகள் ஓடும். அந்த இடத்து மணலை உள்ளங்கையில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், அது ஒரே பொருள் இல்லை என்று தெரியும். கண்ணாடித் துண்டுகளாக மின்னுவது குவார்ட்ஸ் என்ற படிகக்கல். இளஞ்சிவப்பாக இருப்பது கார்னெட். கன்னங்கரேலென்று, உலோகப் பளபளப்போடு இருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். வலுவான காந்தம் ஒன்றைக் கடதாசியில் சுற்றி மணலுக்கு மேலே பிடித்தால், கரிய மணிகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். படிகக்கல் அசையாமல் கிடக்கும்.

கறுப்பு தனியாகக் கோடு போடுவதற்குக் காரணம் எடை. ஒரே அளவு நீரைவிடப் படிகக்கல் ஏறக்குறைய 2.65 மடங்கு கனம், இல்மனைட் 4.7 மடங்கு. அலை வேகமாக ஏறி மணல் எல்லாவற்றையும் மேலே கொண்டுவரும். திரும்பும்போது அதற்கு அவ்வளவு வேகம் இல்லை. இலேசானதை இழுத்துக்கொண்டு போய்க் கனமானதை விட்டுவிடும். வாடைக்காற்றுக் காலத்தில், கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் இந்தக் கோடுகள் தடிப்பாக இருக்கும்.

இந்த மணிகள் கடலில் பிறந்தவை அல்ல. இலங்கையின் மலைநாட்டுப் பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஆற்றில் உருண்டு வந்தவை. வடக்கே, கதிரவெளிக்கு அப்பால், வெருகல் ஆறு கடலில் விழுகிறது. அது நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலியின் ஒரு கிளை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. தெற்கே வாழைச்சேனைப் பக்கம் மாதுறு ஓயா வந்து சேர்கிறது. ஆறுகள் கொட்டுவதை அலை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. வடகீழ்ப் பருவத்தில் தெற்கு நோக்கி, தென்மேல் பருவத்தில் வடக்கு நோக்கி. கரை ஒரே இடத்தில் கிடப்பதாகத் தெரிகிறது. உண்மையில் கரையிலுள்ள மணல் வருடம் முழுவதும் பயணத்தில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை நீட்டியபோது இது கண்கூடாகத் தெரிந்தது. அணையின் தென்பக்கம் மணல் சேர்ந்து குவிந்தது. வடபக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடலரிப்பு கரையைத் தின்றது.

அந்தக் கைப்பிடி மணலில் சிர்க்கன் மணிகளும் இருக்கும். கண்ணுக்கு எளிதில் அகப்படாத சிறு படிகங்கள். உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே பூட்டிக்கொள்பவை. யுரேனியம் குறிப்பிட்ட வேகத்தில் ஈயமாக மாறும் என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் மணியின் வயது தெரியும். மலைநாட்டுப் பாறைகளில் கிடைத்த சிர்க்கன் மணிகளில் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அப்போது இந்தியப் பெருங்கடலே இல்லை. பின்னாளில் இந்தப் பாறைகள் இந்தியா, மடகாஸ்கார், கிழக்கு ஆபிரிக்கா, அன்டார்டிக்கா எல்லாம் ஒட்டிக்கிடந்த கோண்டுவானாப் பெருநிலத்தின் நடுவில் இருந்தன. காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடும்போது இதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இனி மேட்டில் ஏறலாம். அலை கொண்டுவந்து போட்டதை மேடாக்குவது காற்றின் வேலை. உலர்ந்த கடற்கரை மணல் நகர மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் காற்று அடித்தால் போதும். நகர்வது என்றால் தூசி பறப்பதுபோல் உயரே போவதில்லை. ஒரு மணி எகிறும். காற்று அதைச் சற்றுத் தூரம் கொண்டுபோகும். சாய்வாக வந்து விழும்போது கீழே கிடக்கும் வேறு மணிகளை அடித்துக் கிளப்பும். அவையும் எகிறும். மணலின் ஓட்டம் முக்கியமாக இந்தத் துள்ளல்தான். காற்று நாளில் அங்கே நின்றால் கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், முகத்தில் ஒன்றும் படாது. துள்ளும் மணிகளில் பெரும்பாலானவை முழங்காலுக்குக்கூட எழுவதில்லை.

இந்தத் துள்ளலை முதலில் ஒழுங்காக அளந்தவர் றால்ஃப் பக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். 1920களிலும் 30களிலும் ஃபோர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தவர். ஊர் திரும்பிக் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, அதற்குள் மணலை ஓடவிட்டுப் பார்த்தார். 1941இல் வந்த அவருடைய நூல் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. செவ்வாய்க் கிரகத்தின் மணல்மேடுகளை ஆராய்ந்தவர்களும் அதைத்தான் எடுத்துப் படித்தார்கள். அவர் கண்டதில் ஒன்று மட்டும் இங்கே போதும். மணல் நகர்ந்த பிறகு, நகரும் அளவு காற்று வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. எனவே மேட்டைக் கட்டுவது வருடம் முழுக்க வீசும் மெல்லிய காற்று இல்லை. கடுமையாக அடிக்கும் கொஞ்ச நாட்கள்தான்.

அந்த நாட்கள் எப்போது வருகின்றன? ஐப்பசி தொடங்கித் தை வரை மட்டக்களப்புக் கரையில் வாடையும் மழையும் சேர்ந்தே வரும். நனைந்த மணலில் நீர் மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதால் காற்றால் எளிதில் கிளப்ப முடியாது. மழை விட்டு, கடற்காற்று மட்டும் மிஞ்சும் நாட்களில்தான் மணல் கரையிலிருந்து உள்ளே ஏறும். ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, சரிவில் இறங்கி, சூடேறி, ஈரமெல்லாம் வற்றி வரும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வாடை ஏற்றியதில் ஒரு பங்கைக் கச்சான் திருப்பிக் கொண்டுபோகும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மிச்சமாக நிற்பதே மணல்மேடு.

செடி இல்லாவிட்டால் அந்த மிச்சமும் நிற்காது. கரையில் முதலில் காலூன்றுவது அடம்பன். ஆட்டுக்குளம்பு வடிவில் தடித்த இலை, ஊதா நிறப் பூ, மணலின் மேல் பல மீற்றர் நீளத்துக்கு ஓடும் கொடி. அதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் சக்தியை இழக்காது. வெப்ப நாடுகளின் கரைகளிலெல்லாம் இந்தக் கொடியைக் காண முடிவது அதனால்தான். இலை காற்றின் வேகத்தைத் தரையோடு ஒட்டித் தணிக்கிறது. வேகம் தணிந்த இடத்தில் துள்ளி வந்த மணி கீழே விழுகிறது. மணல் கொடியை மூடுகிறது. மூடிய கணுவில் வேர் விட்டு, கொடி மேலே எட்டிப் பார்க்கிறது. மறுபடி மூடுகிறது, மறுபடி எழுகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரில் சொல்வது ஒற்றுமைக்காக என்றாலும், மணல்மேட்டைப் பற்றிய நேரடிச் செய்தியாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அடம்பனுக்குப் பின்னால் இராவணன் மீசை. முனை கூரிய விறைத்த இலைகள். தெரியாமல் உட்கார்ந்தவர் மறுபடி உட்கார மாட்டார். இதன் பெண் கதிர், முள் நிறைந்த பந்தாகக் காய்ந்து, தாயிலிருந்து கழன்று, காற்றோடு கரை நெடுக உருண்டு ஓடும். ஓடும் வழியெல்லாம் விதை உதிரும். பந்து எங்கே மணலில் சிக்கி நிற்கிறதோ அங்கே ஒரு புதுப் புதர். புதரைச் சுற்றி ஒரு குட்டி மேடு. வளர்ந்த மேடுகள் பலவும் இப்படியான குட்டி மேடுகள் ஒன்று சேர்ந்து உண்டானவைதான். இந்தக் கொடிகளையும் புல்லையும் வாகனம் ஏறி நசுக்கிய தடத்தில் காற்று வாய் திறக்கும். ஒரு முறை வாய் திறந்துவிட்டால், குறுகிய அந்த வழியில் காற்று இன்னும் விரைந்து, இன்னும் ஆழமாகத் தோண்டும். நடப்பவர்கள் ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் இருந்தாலே மேட்டுக்குப் பெரிய உதவி.

பாதையை விடக்கூடாது என்பதற்குக் கொடிகளைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் வறண்ட கரைகளிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஒரு சின்னப் பறவை, ஊர்க்குருவி அளவுதான், வெறும் மணலில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. முட்டையின் நிறமும் புள்ளிகளும் மணலோடு கலந்துவிடுவதால் காலடிக்குக் கீழே வந்தாலும் தெரியாது. நீண்ட காலம் இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையினம் என்றே எண்ணியிருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2023இல் தனி இனம் என்று நிறுவினார்கள். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான இராமர் அணையை நினைந்து அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கண்முன்னே ஓடித் திரிந்த ஒரு குருவியை அடையாளம் காண இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மேட்டின் முதுகைத் தாண்டியதும் காற்று சட்டென்று அடங்கும். பற்றைக்காடு தொடங்குகிறது. தாழை, காரை, வளைந்து குள்ளமாகிப்போன பாலை. கடற்பக்கம் உப்புத் துளி பட்டுக் கருகிய கொம்பும், மறுபக்கம் பசுமையுமாக ஒவ்வொரு மரமும் சாய்ந்து நிற்கும். இந்த நிழலில் கொஞ்சம் உட்காரலாம். உட்கார்ந்தால் காலடியில் குழியானையின் குழிகள் தெரியும்.

புனலைக் கவிழ்க்காமல் வைத்ததுபோன்ற, ஒரு நாணயம் மூடும் அளவான குழி. அதன் அடியில் தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு புழு புதைந்திருக்கிறது. எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைக்கிறது. மணல் சரிகிறது. எறும்பு ஏற முயல்கிறது. கீழிருந்து புழு தலையால் மணலை வீசி எறிகிறது. விழுந்த மணல் இன்னும் சரிவைக் கிளப்ப, எறும்பு அடிக்கு வந்து சேர்கிறது. உலர்ந்த மணலை எப்படிக் குவித்தாலும் ஏறக்குறைய 33 பாகைக்கு மேல் சரிவு நிற்காது. குழியானை தன் குழியின் சுவரை அந்த எல்லையிலேயே வைத்திருக்கிறது. ஓர் எறும்பின் பாரம்கூட அதைக் குலைத்துவிடும். இப்போது தலையைத் தூக்கி, வந்த மேட்டின் உட்புறச் சரிவைப் பாருங்கள். செடி பிடிக்காமல் மணல் வழிந்து கிடக்கும் இடங்களில் அதே சரிவு. விரலளவு குழியிலும் வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் புதைத்த குன்றுகளிலும் மணலுக்கு ஒரே சட்டம்தான்.

குழியானை இங்கே குடியிருப்பது மேல்மணல் நன்றாக உலர்ந்திருப்பதால். ஆனால் கையை முழங்கை வரை உள்ளே விட்டால் ஈரம் தட்டும். நாம் தேடி வந்த தண்ணீரின் வாசல் இது.

மார்கழியில் கொட்டும் மழை களிமண் நிலத்தில் என்றால் ஓடிவிடும். மணல்மேட்டில் ஓட்டமே இல்லை, விழுந்த இடத்தில் உள்ளே இறங்குகிறது. மேல் சில அங்குலம் காய்ந்ததும் அந்தக் காய்ந்த பகுதியே மூடியாகி, கீழே உள்ள ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது. இறங்கிய நீர் கடைசியில் போய்ச் சேரும் ஆழத்தில் ஏற்கெனவே உப்பு நீர் இருக்கிறது. கடலும் களப்பும் இரு பக்கத்திலிருந்தும் மணலுக்கு அடியில் ஊறிக் கிடக்கின்றன. மழைநீர் அதோடு உடனே கலந்துவிடும் என்று நினைப்போம். மணல் துளைகளுக்குள் நீர் மிக மெதுவாகவே அசைவதால் அப்படிக் கலப்பதில்லை. நல்ல தண்ணீர் இலேசு, கடல்நீர் கனம். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிராம். எனவே நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. பாரம் ஏற்றிய தோணி மாதிரி: நீருக்கு மேலே தெரிவது கொஞ்சம், கீழே அமிழ்ந்திருப்பது நிறைய.

எவ்வளவு நிறைய? 1,000க்கும் 25க்கும் உள்ள விகிதம் 40. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது கணக்கு. ஒல்லாந்துக் கரையில் பாடோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியின் வடகடல் தீவுகளில் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். அந்தக் கணக்கு தெரிவதற்கு முன்பே, 1853 முதல், அம்ஸ்டர்டாம் நகரம் கடற்கரை மணல்மேடுகளிலிருந்துதான் குடிநீர் எடுத்துக்கொண்டிருந்தது. கற்பிட்டி, மன்னார், நிலாவெளி, கல்குடா என்று இலங்கைக் கரையோர மணல் நிலங்களில் கிணறுகள் இனிப்பாக இருப்பதும் இதே ஏற்பாட்டால்தான். பனிச்சங்கேணி மாதிரி ஒடுங்கிய இடங்களில் மணலின் ஆழமும் அகலமும் குறைவு, நாற்பதெல்லாம் வராது. மெல்லிய ஒரு வில்லையாகத்தான் நல்ல தண்ணீர் கிடக்கும். மெல்லியது என்பதாலேயே கவனம் வேண்டும். வாளியால் அள்ளும் வரை ஒன்றும் ஆகாது. பெரிய மோட்டார் வைத்து இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பி வரும்.

2004 டிசம்பர் 26இல் இந்த நீர்வில்லை எவ்வளவு எளிதில் கெடும் என்பது இந்தக் கரை முழுவதும் வேறு விதமாகத் தெரிந்தது. ஆழிப்பேரலை மணலுக்கு மேலாக வந்து கிணறுகளுக்குள் உப்பு நீரை ஊற்றிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடுதான் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அடுத்த மாதங்களில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை அளந்து பார்த்தபோது, கிணறுகளை மீட்டது இறைப்பு அல்ல, மழை என்று தெரிந்தது. அளவு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும் ஆபத்தும் இருந்தது. பருவமழை வந்து மேலிருந்து நல்ல தண்ணீரை இறக்கி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது.

அதே நாளில் தென்கரையில் யால பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டை வெட்டிவிட்டிருந்த விடுதி ஒன்று அழிந்துபோனது. மேடு அப்படியே இருந்த பக்கத்து இடங்களில் சேதம் குறைவு. பின்னர் வந்த பன்னாட்டு ஆய்வுக் குழு இதை எழுதிவைத்திருக்கிறது.

பற்றைக்காட்டைக் கடந்து இறங்கினால் காலுக்குக் கீழே மணல் போய்ச் சேறு வருகிறது. களப்பு. கண்டல் மரங்கள் தாங்குவேர்களை ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் வேர்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. வெண்கண்டலின் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பில் ஒரு பங்கை அது இலை வழியே வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இறால்கள் கடலில் முட்டையிட, குஞ்சுகள் களப்பின் வாய் வழியாக உள்ளே வந்து இந்த வேர்களுக்கு நடுவில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. வீச்சுவலையோடு தோணியில் நிற்பவருக்கு இந்தப் போக்குவரத்தின் நேரமும் மாதமும் எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும்.

2019இல் இதற்குத் தெற்கே காயன்கேணியின் பவளப்பாறைகளைக் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். மிக நல்ல வேலை. நீருக்கு அடியில் உள்ளதைக் காக்க வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது, கரைக்கு மேல் உள்ள மணலை மட்டும் இன்னும் வெறும் மணலாகப் பார்க்கிறோம். மகாவலியில் விக்டோரியா போன்ற பெரிய அணைகள் 1980களில் எழுந்தபின், மலையிலிருந்து புறப்படும் மணலில் பெரும்பங்கு நீர்த்தேக்கங்களின் அடியிலேயே தங்கிவிடுகிறது. மிஞ்சி வருவதிலும் ஆற்றுமணல் என்று அள்ளிப் போவது போகத்தான் கடலுக்கு. வெருகல் வழியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்த வரவு குறைந்துவிட்ட காலத்தில் இருப்பைத் தொடுவது சரியில்லை.

ஆனால் அந்தக் கரிய கோடுகளுக்கு விலை இருக்கிறது. வெண்ணிறப் பூச்சுக்கும் டைட்டேனியத்துக்கும் இல்மனைட் மூலப்பொருள். புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக அதை எடுக்கிறார்கள். வாகரை, கதிரவெளிப் பக்கமும் அகழ வேண்டும் என்ற முயற்சிகள் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. கனிமத்தைப் பிரித்துவிட்டு மணலைத் திருப்பிக் கொட்டிவிடுகிறோம் என்று சொல்லலாம். கொட்டிய மணலில் அடம்பனும் இராவணன் மீசையும் பிடித்து, அது மேடாக எழுந்து நிற்கப் பல பருவங்கள் ஆகும். அதுவரை ஒரு புயல் அலை உள்ளே வர வழி திறந்தே கிடக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் குழியில் நல்ல தண்ணீர் வெளிப்பட்டு வெயிலில் ஆவியாகிப் போகும். அப்படிப் போவதால் மணலுக்குள் நிற்கும் நீரின் மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அங்குலம் வரை ஏறிவர இடம் கிடைக்கிறது. வில்லையே மெல்லியதாக உள்ள இடத்தில் நாற்பது அங்குலம் என்பது ஒரு கிணற்றின் முழுத் தண்ணீர்.